பில் இருந்தால் பேசலாம்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளியில்தான் ஓலா மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை அந்த நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் போயின. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. டீக்கடையில் புலம்பியதோடு எல்லாரும் நின்றிருந்தால் நோட்டீஸும் இல்லை, பதிலும் இல்லை.

முன்பு வண்டி நின்றால் தெருமுனை மெக்கானிக் பிரித்துப் பார்ப்பார். இன்று வண்டி, போன், டிவி எல்லாமே சாஃப்ட்வேரில் ஓடுகின்றன. வண்டி சர்வீஸ் சென்டரில் நிற்கும், தவணை நிற்காது. சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகிறவருக்கு அது சம்பள இழப்பு. இதற்காகவே மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. உதிரிபாகம், வாரண்டி விவரங்களை அதில் பார்க்கலாம்.

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் அய்ப்' என்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அந்த வழியில்தான் பேசுகிறது. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்குத் தருவதும் அதன்படி முறையற்ற வணிகம்.

பெங்களூரிலோ அத்திப்பள்ளியிலோ வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 எண்ணுக்குத் தமிழிலேயே புகார் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மெயில் பாஸ்வேர்டு கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ இருக்க வேண்டாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் போட்டோக்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, போனில் இருப்பதை அழித்துக் கொடுங்கள்.

பில்லோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுத உதவுகிறோம். நம்மில் கடை வைத்திருப்போரும் கேட்காமலே பில் கொடுங்கள். கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.