மேசைமேல் ஒரு போர்க்களம்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் மன்னார்த் தீவிலும் அதனையடுத்த கரையூர்களிலும் வாழும் கத்தோலிக்க மக்களின் இல்லங்களிற் பாலன் குடில் எழுந்துவிடும். கடற்கரை மணல் நிலமாகும், வைக்கோல் கூரையாகும், கண்ணாடித் துண்டு குளமாகும். இடையரும் ஆடுகளும் மூவரசரும் தத்தமக்குரிய இடங்களில் நிற்பர். ஆண்டுக்கு ஓர் உருவமாக வாங்கிச் சேர்ப்போரும் உளர். கால் முறிந்த ஆட்டுக்குக் களிமண்ணாற் கால் செய்து ஒட்டுவோரும் உளர். நவராத்திரியிற் கொலு வைக்கும் வீடுகளிலும் இதே அக்கறையைக் காணலாம். பெரிய உலகைச் சிறிதாக்கிக் கண்முன் வைத்துப் பார்க்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் சிற்றிலையும் சிறுதேரையும் குழந்தைப் பருவத்தின் அடையாளங்களாக வகுத்தனர் அன்றோ?

இந்த ஆசையின் மற்றொரு கிளையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். போர்வீரர், குதிரை, பீரங்கி முதலியவற்றின் சிற்றுருவங்களைச் சேகரித்து, ஒட்டி, வண்ணந் தீட்டி, மேசைமேற் களம் அமைத்து, விதிகளுக்கு அமைய இருவர் எதிரெதிரே நின்று ஆடும் ஆட்டம் அது. மேனாடுகளிற் சிறுவர் மட்டுமன்றி முதியோரும் இதில் ஈடுபடுகின்றனர். போரின் சுமையை ஒரு தலைமுறைக் காலம் தாங்கிய இம்மண்ணிற் போர் விளையாட்டும் வேண்டுமோ என்று உங்களிற் பலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே அது. அதற்கு விடை காணுமுன், இவ்வாட்டம் வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

எகிப்து நாட்டில் அசியூட் என்னுமிடத்தில் மெசெகிற்றி என்ற தலைவனின் கல்லறையிலிருந்து, மரத்தாற் செய்த 40 வில்வீரரும் 40 ஈட்டிவீரரும் அணிவகுத்து நிற்கும் இரு பலகைகள் கிடைத்தன. அவை ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. மறுமையிலும் தலைவனுக்குக் காவலாக வைக்கப்பட்ட படை அது. படையை ஆட்டக் காயாக்கிய பெருமை நம் துணைக்கண்டத்துக்கு உரியது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இங்கிருந்து பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது.

ஆயினும் சதுரங்கத்தில் மலையில்லை, ஆறில்லை, மழையில்லை. இக்குறையை நீக்க முயன்றவர் பிரசிய நாட்டு றைஸ்விற்ஸ் பிரபு. நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் மேசையொன்றை அவர் 1812ஆம் ஆண்டு தம் அரசனுக்குச் சமர்ப்பித்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவர் மகன், 1824ஆம் ஆண்டு வரைபடத்தின்மேல் ஆடுதற்குரிய விரிவான விதிகளை வெளியிட்டார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. நடுவர் ஒருவர் இருபுறமும் கேட்டுத் தீர்ப்புரைப்பார். தற்செயலாக நேர்வனவற்றைப் பகடைக்காய் முடிவு செய்யும். பிரசியப் படையதிகாரிகளுக்கு இது பயிற்சியாயிற்று. 1870, 1871ஆம் ஆண்டுகளிற் பிரான்சைப் பிரசியர் வென்றபின், பிற நாட்டுப் படைகளும் இதனைப் பின்பற்றின. விளையாட்டு போருக்குத் துணைபோனதுண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மறுபுறத்தில் இது இல்லத்து விளையாட்டாகவும் வளர்ந்தது. ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரத்துக் கைவினைஞர் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தனர். 1893ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிட்டன் குடும்பத்தினர், உள்ளே வெறுமையான ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டனர்; விலை குறைந்தது. இருபது ஆண்டுகளின்பின், 1913இல், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் நூலொன்றை எழுதி, பொம்மைப் பீரங்கியும் ஈய வீரரும் கொண்டு ஆடும் முறையை விளக்கினார். இச்சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவன், மெய்யான பெரும்போர் எத்துணைத் தடுமாற்றமான காரியம் என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. ஆனால், அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. பொம்மை எதையும் தானாகத் தடுத்துவிடாது. பொம்மையை வைத்து நாம் என்ன சிந்திக்கின்றோம் என்பதே பொருட்டு.

இனி, ஆக்கும் முறைக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு தொடக்கம் எயார்பிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்ரிக் வீரர் போன்றவை பெட்டிகளில் வரலாயின. இன்று இவ்வகை உருவங்களின் உறுப்புகள் பல, ஒரு சட்டகத்தில் ஒட்டியபடியே வருகின்றன. அவற்றைக் கூரிய கத்தியால் அறுத்தெடுத்து, பிசிர் நீக்கி, பசையிட்டுப் பொருத்த வேண்டும். பின்னர் ஒரே நிறத்தில் அடிப்பூச்சு. அது உலர்ந்தபின் உடை, தோல், கருவி என ஒவ்வொன்றுக்கும் உரிய நிறம். இறுதியில் மடிப்புகளில் நிழல் விழுமாறு நீர்த்த கருமை. ஒரு வீரனுக்கு ஒரு மாலைப்பொழுது செல்லும். அவசரக்காரன் கை இதற்கு ஆகாது. பழைய ஈய உருவங்கள் கிடைத்தாற் பார்வைக்கு மட்டும் வையுங்கள்; ஈயம் நஞ்சு, சிறு குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.

அளவை என்பது இதிற் கற்கும் முதற்பாடம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது பரவலாக வழங்கும் அளவு. அதன்படி ஒரு மனிதன் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் உயரமாவான். 20 மீற்றர்ப் பனைமரம் 28 சென்ரிமீற்றராகும். சரி, நம் தீவையும் அவ்வளவிலேயே செய்வோமே என்றால், ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுள்ள அதற்கு 360 மீற்றர் நீளமான மேசை வேண்டும்! ஆதலின் ஆளுக்கு ஓர் அளவும் நிலத்துக்கு வேறோர் அளவும் கொள்வர். கணிதம் வெறுக்கும் மாணவனும் இவ்விடத்திற் கணக்குப் போடத் தொடங்குவான்.

மன்னாரில் இப்பெட்டிகளை விற்கும் கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. களிமண் வீரராகும், ஈர்க்கும் பச்சைக் கடதாசியும் பனையாகும், முள்முருக்கின் மென்கட்டையிற் செதுக்கினால் வள்ளம் ஆகும், ரெஜிபோம் பலகையை வெட்டி மணல் தூவி ஒட்டினாற் கோட்டை மதிலாகும். எம் பாடசாலையின் மேல் வகுப்பு மாணவர் சிலர், இப்பொருள்களைக் கொண்டே 1658ஆம் ஆண்டின் மன்னாரை இரு மேசைகளை இணைத்து அமைத்தனர்.

அவ்வாண்டு நம் தீவின் சரித்திரத்தில் ஒரு திருப்பம். தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் கால்வாயின் அருகே, நான்கு கொத்தளங்களோடு இன்றும் நிற்கும் கோட்டைக்கு அடித்தளம் இட்டவர் போர்த்துக்கேயர், ஆண்டு 1560. 1658இன் தொடக்கத்தில் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், றிக்லோப் வான் கூன்ஸ் தலைமையில் இங்கு வந்திறங்கினர். பெப்ரவரியிற் கோட்டை அவர்கள் வசமாயிற்று. போர்த்துக்கேயரிற் பலர் யாழ்ப்பாணம் நோக்கிப் பின்வாங்கினர். சூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. ஒல்லாந்தப் படையோடு வந்த பால்தேயுஸ் பாதிரியார் எழுதிய நூல் 1672இல் வெளியாயிற்று. கோட்டையை ஒல்லாந்தர் 1696இல் திருத்திக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

மாணவர் மதிலை எழுப்பினர், கப்பல்களை நிறுத்தினர், இருதரத்து வீரரையும் அணிவகுத்தனர். ஆட்டம் தொடங்குந் தறுவாயில், அதுவரை பேசாதிருந்த மாணவி ஒருத்தி, “ஐயா, இதில் மன்னார் ஆட்கள் எங்கே?” என்று வினவினாள். மேசையைச் சுற்றி நின்றோர் ஒருவரையொருவர் பார்த்தனர். ஐரோப்பியர் இருதரத்தார் இருந்தனர். தீவுக்குரியவர் ஒருவரும் இல்லை. மறுநாள் முதல் வேறு வகை உருவங்கள் எழுந்தன: முத்துக்குளிக்கும் ஆண்கள், மீன் உலர்த்தும் பெண்கள், குடத்தோடு கிணற்றடிக்குச் செல்லும் சிறுமி, தோணிக்காரர், பொதி சுமக்கும் கழுதை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் ஒருவன் செய்து வைத்தான்.

ஆட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. பீரங்கியை எங்கே நிறுத்துவது என்ற இடத்தில், அங்கே கிணறு இருக்கிறதே என்ற பேச்சு எழுந்தது. கால்வாயைக் கடக்கும் படைக்குத் தோணி வேண்டும். அத்தோணி யாருடையது, அவன் அன்று கடலுக்குப் போகாவிட்டால் அவன் வீட்டில் உலை வைப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. இத்தகைய கேள்விகளைப் பாடநூலின் ஒரு வரி எழுப்புவதில்லை. “ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றினர்” என்று மூன்று சொற்களில் அது முடிந்துவிடுகிறது.

நேயர்களே, இப்போது நீங்கள் எழுப்பிய கேள்விக்கு வருகின்றேன். 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலத்தில் இம்மாவட்டம் கண்டவை உங்களுக்குத் தெரியாதன அல்ல. படகேறி மண்டபம் முகாமை அடைந்தோர் எத்தனை பேர்! மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்தோர் எத்தனை பேர்! 1990 ஒக்ரோபரில், வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களை விட்டு, கடல்வழியே கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கரையேறியோர் எத்தனை பேர்! அவ்வாண்டே நின்றுபோன தலைமன்னார் இரயில், 2015இலேதான் மீண்டும் ஓடியது. போரைப் பற்றிப் பேசாதிருந்தாற் பிள்ளைகள் அதை மறந்துவிடுவர் என்று சிலர் எண்ணுகின்றனர். பிள்ளைகள் மறப்பதில்லை. கைத்தொலைபேசியின் திரையிற் சுடும் விளையாட்டை நாள்தோறும் ஆடுகின்றனர். அங்கே வீழ்ந்தவன் மறுநொடி எழுந்துவிடுகிறான். அவனுக்குத் தாயுமில்லை, ஊருமில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து தன் கையாற் செய்த களிமண் உருவத்தை மேசையினின்று எடுத்து வைக்கும் பிள்ளை, அதை அவ்வளவு எளிதில் எடுத்து வைப்பதில்லை.

அண்மைப் போரை மேசையில் வைத்து ஆட வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஆறாத புண்ணைக் காயாக்கி உருட்டுவது முறையன்று. தந்தையை இழந்த பிள்ளையும் வகுப்பில் இருக்கும். முந்நூறு, நானூறு ஆண்டு பின்னே சென்றால், எவர் வீட்டுக் காயத்தையும் தொடாமல் அதே உண்மையைக் காணலாம்.

இதில் ஈடுபட விரும்பும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மூன்று விதிகளைச் சொல்வேன். முதலாவது, பத்து வீரர் செய்தால் ஐந்து ஊரவரையும் செய்யுங்கள். கடைப் பெட்டியில் அவர்கள் வரமாட்டார்கள், நாமே ஆக்க வேண்டும். இரண்டாவது, ஒரே களத்தை இருமுறை ஆடுங்கள். முதலில் ஒல்லாந்தனாய் நின்றவன் பின்னர்ப் போர்த்துக்கேயனாய் நிற்கட்டும். எதிரியின் மேசையோரத்திலிருந்து பார்த்தாற் களம் வேறாகத் தோன்றும் என்பதைக் கண்ணாற் காண்பான். மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் வென்றவன் பெயரை எழுதுமுன், இழந்தவற்றை எழுதுங்கள்: இத்தனை வீரர், இத்தனை ஊரவர், இத்தனை தோணி, ஒரு கிணறு. அந்தப் பட்டியலை வென்றவனே உரத்து வாசிக்கட்டும்.

செலவு அதிகமில்லை, களிமண்ணும் மணலும் நம் காலடியிற் கிடக்கின்றன. வேண்டுவது பொறுமையும், பழைய நூல்களைப் புரட்டும் ஆர்வமும், ஒரு விடுமுறையுமே. வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் கோட்டையொன்றைக் கட்டத் தொடங்கினால், வீண் வேலை என்று தடுக்காதீர்கள். அருகில் அமருங்கள். மதில் எழும்பும்வரை பொறுத்திருந்து, கோட்டைக்கு வெளியே குடியிருந்தவர் யார் என்று மட்டும் கேளுங்கள். விடையை அவர்களே செய்து காட்டுவர்.