நமக்குள் இருக்கும் வாட்டர்ஸ்



சார்லஸ் ஃபுல்லரின் நாடகத்தை நார்மன் ஜூவிசன் 1984இல் 'எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி' என்ற படமாக்கினார். 1944, லூசியானா ராணுவ முகாம். கறுப்பின சார்ஜென்ட் வாட்டர்ஸ் கொல்லப்படுகிறார். சந்தேகம் முதலில் வெள்ளையர்மீது. சுட்டவரோ கறுப்பினச் சிப்பாய் பீட்டர்சன்.

வாட்டர்ஸ் யார்? தெற்கத்திக் கிராமத்துப் பாடகன் சி.ஜே.யை இனத்துக்கே அவமானம் என்று வெறுத்து, பொய்க்குற்றம் சுமத்திச் சிறையில் தள்ளியவர். சி.ஜே. அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டான்.

விடுதியில் ஒரு தம்பியிடம், "சேரிப் பேச்சை மாத்திக்கோடா, நம்மள மதிக்கமாட்டாங்க" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவன் அதன்பிறகு என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டான். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை, நம்மையே நமக்குக் காவலாளி ஆக்குகிறது. சுட்டவர் பிடிபட்டதும் படத்தில் விசாரணை முடிகிறது. வாட்டர்ஸுக்கு அந்த வெறுப்பை ஊட்டியது யார் என்ற விசாரணையை நாம்தான் தொடர வேண்டும்.

ஜெய்பீம்!