சட்டமன்றம் சம்மதித்தால்தான் கருவூலம் திறக்கும்

மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியாது. முதலமைச்சராலும் முடியாது, ஆளுநராலும் முடியாது, தலைமைச் செயலாளராலும் முடியாது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 204ஆவது பிரிவு போட்ட கட்டு அது. தமிழ்நாட்டில் அந்த அனுமதியைத் தருவது புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் 234 உறுப்பினர்கள். 1986இல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு வேறு அவை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநரின் சம்பளம், காவல் நிலைய ஜீப்புக்கு டீசல், சத்துணவுக் கூடத்துக்கு முட்டை, ஏரி மதகுக்குப் புதுப் பலகை என எந்தத் துறைக்குப் போகும் பணமும் அந்த அவையின் படியேறித்தான் போகிறது.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. ஆங்கிலேயர் போட்ட 1892ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண சபையில் இருந்தவர்களுக்கு வரவு-செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேச மட்டும் வாய்ப்புத் தந்தது, வாக்குத் தரவில்லை. 1909இல் தீர்மானம் கொண்டுவரலாம் என்றார்கள். அதை ஏற்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி 1921இல் கூடிய சென்னை மாகாண சபைக்குத்தான் துறைகள் கேட்கும் பணத்தை மறுக்கும் அதிகாரம் முதன்முதலாக வந்தது. அதிலும் ஒரு பூட்டு வைத்தார்கள். நிதி, காவல், நிலவரி போன்ற துறைகளைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, அவற்றில் சபை வெட்டிய தொகையை ஆளுநரே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மக்கள் பிரதிநிதிகளின் பொறுப்பு, அவற்றுக்கான பணமோ வெள்ளைக்கார அதிகாரியின் பிடியில். விடுதலைக்குப் பிறகுதான் அந்தப் பூட்டு முழுதாக உடைந்தது. இன்றைய சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மானியக் கோரிக்கை மீது எழுந்து நின்று பேசும்போது, மூன்று தலைமுறை போராடி வாங்கிய உரிமையின் மேல் நிற்கிறார்.

செலவுக்கு முன்னால் வரவு. சட்டமன்றம் வரியும் விதித்தாக வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டின் சொந்த வரலாறே சாட்சி. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வரானார். நிதித் துறையையும் அவரே வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் கொடுத்த வருமானம் அன்றைய மாகாண வரவில் பெரிய பங்கு. கடையை மூடினால் பணம் எங்கே? நியாயமான கேள்விதான். அவர் தந்த பதில் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி. வணிகர்கள் எதிர்த்தார்கள், அவை நிறைவேற்றியது. பிறகு எத்தனையோ ஆட்சிகள் மாறின, அந்த வரியை எவரும் கைவிடவில்லை. பின்னாளில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பேருந்துகளுக்கும் பணம் தந்த ஊற்று அதுதான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பெரும்பாலான பொருள்களுக்கு வரி விகிதத்தைத் தானே வகுக்கும் அதிகாரம் மாநில அவையின் கையை விட்டு ஜிஎஸ்டி மன்றத்துக்குப் போனது. இது சிறிய இழப்பல்ல.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டின் மொத்த வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். அதில் மாநிலத்தின் சொந்த வரி மட்டும் சுமார் 2.20 லட்சம் கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காடு இந்த மாநிலத்தில். மத்திய வரிப் பகிர்வில் 15ஆவது நிதிக்குழு இதற்குக் கொடுத்த பங்கோ 4.079 விழுக்காடு. கல்விக்கான ஒருங்கிணைந்த திட்டத்தில் மத்திய அரசிடமிருந்து 2,152 கோடி ரூபாய் வந்து சேரவில்லை என்றும், அந்தச் சுமையை மாநிலமே ஏற்கிறது என்றும் அதே நிதிநிலை அறிக்கை உரையில் அறிவிக்க வேண்டி வந்தது. ஒதுக்கும் அதிகாரம் அவையிடம் இருந்தாலும், ஒதுக்குவதற்குரிய பணத்தில் ஒரு பகுதி டெல்லியின் மனத்தைப் பொறுத்திருக்கிறது.

நிதிநிலை அறிக்கை மார்ச் மாதத்தில் பிறப்பதில்லை. முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே நிதித் துறை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிடும். எத்தனை பணியிடம், எத்தனை பேருக்குச் சம்பளம், வாடகை எவ்வளவு, நடந்துகொண்டிருக்கும் பணிக்கு மிச்சம் எவ்வளவு என்று மாவட்ட அலுவலகங்களிலிருந்து கணக்கு மேலே ஏறும். புதிய திட்டங்களுக்குத் தனிப் பட்டியல். நிதித் துறை வெட்டும், துறைச் செயலாளர்கள் வாதாடுவார்கள், அமைச்சரவையில் முடிவாகும். இந்த வேலையைச் செய்யும் எழுத்தர்களும் பிரிவு அலுவலர்களும் மேடை ஏறுவதில்லை. ஆனால் ஒரு கிராமத்துக்குச் சாலை வருமா வராதா என்பதில் பாதி அவர்கள் எழுதும் கட்டத்தில் தீர்ந்துவிடுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 202ஆவது பிரிவுப்படி ஆளுநரின் பெயரால் ஆண்டு நிதிநிலை அறிக்கை அவையில் வைக்கப்படும். 2021 ஆகஸ்ட் 13 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் முதன்முறையாகக் காகிதமில்லாத அறிக்கையை வைத்தார். மறுநாள் வேளாண்மைக்குத் தனி அறிக்கை வந்தது. உரை எத்தனை ஆனாலும், பணம் கேட்கும் வழி ஒன்றுதான்: மானியக் கோரிக்கை. துறைக்குத் துறை எண் இட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வரிசையாக அவைக்கு வரும். காவல் 22, பள்ளிக் கல்வி 43. ஒவ்வொன்றோடும் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு கூடவே வரும்.

இங்கேதான் அவையின் உண்மையான பலம் இருக்கிறது. உறுப்பினர்கள் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல், அதாவது அரசு கேட்காமல், எந்தத் தொகையும் கோரிக்கையாக வராது. ஒரு துறையின் போக்குப் பிடிக்கவில்லை என்றால் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம் ஒரு குறிப்பிட்ட குறையை அமைச்சர் முன்னால் நிறுத்திப் பதில் கேட்பதற்காக. கோரிக்கையே தோற்றால் அந்த அரசுக்கு அவையின் நம்பிக்கை போய்விட்டது என்று பொருள்.

இத்தனை கூர்மையான ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைக்கும் சில நிமிடங்களில் பாதியைத் தலைவர்களைப் புகழ்வதற்கே செலவழிப்பவர்கள் உண்டு. எதிர்வரிசையில் அமர்ந்து, கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் வெளிநடப்புச் செய்துவிட்டு வாசலில் பேட்டி கொடுப்பவர்களும் உண்டு. அந்த இருவகையினரும் தங்களை அனுப்பிய தொகுதிக்குத் துரோகம் செய்கிறார்கள். இன்னொரு வகை உறுப்பினரும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார். போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, திருப்பி ஒப்படைத்தது எவ்வளவு என்று மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு வந்து, ‘எங்கள் வட்டார மருத்துவமனைக்கு ஒதுக்கியது ஏன் செலவாகவில்லை?’ என்று ஒரே கேள்வி கேட்டு உட்காருவார். அவர் பேச்சுக்கு மேசை தட்டும் ஓசை பெரிதாக எழாது. அதிகாரிகள் மாடம் மட்டும் நிமிர்ந்து உட்காரும்.

எல்லாச் செலவும் வாக்குக்கு வருவதில்லை. ஆளுநரின் ஊதியம், பேரவைத் தலைவர், துணைத் தலைவர் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், நீதிமன்றத் தீர்ப்புப்படி கொடுக்க வேண்டிய தொகை, அரசு வாங்கிய கடனுக்கான வட்டி, இவை வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டவை. இவற்றை விவாதிக்கலாம், வெட்ட முடியாது. நீதிபதியின் சம்பளத்தை ஆளுங்கட்சியின் கோபத்துக்கு வெளியே வைத்தது சரியான ஏற்பாடு. வட்டிதான் உறுத்துகிறது. 2025-26இல் தமிழ்நாட்டின் வட்டிச் செலவு சுமார் 70 ஆயிரம் கோடி ரூபாய். பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46 ஆயிரம் கோடிக்குச் சற்று மேல். பள்ளிக் கல்வித் துறை அவையிடம் வாக்குக் கேட்டு நிற்கிறது, அதைவிடப் பெரிய செலவு வாக்கே இல்லாமல் போகிறது. கடன் வாங்கும் நாளிலேயே அவை கேள்வி கேட்டாக வேண்டும். வாங்கிய பிறகு கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் பற்றாக்குறைக்கு எல்லை வகுத்தது இதற்காகத்தான்.

கோரிக்கைகள் நிறைவேறியதும் எல்லாவற்றையும் சேர்த்து நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அதில் தொகையை மாற்றும் திருத்தம் எதையும் கொண்டுவர முடியாது. அது பண மசோதா என்பதால் ஆளுநர் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது. நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கிவிடும், விவாதமோ அதற்குப் பிறகும் நீளும். இடைப்பட்ட மாதங்களுக்குச் சம்பளமும் மருந்தும் நிற்காமலிருக்க முன்பண மானியம் வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் ஆண்டில் பதவி முடியும் அரசு இடைக்கால அறிக்கை வைப்பதும் இந்த வழியில்தான். 2021 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால அறிக்கை வைத்தார்; ஆட்சி மாறியபின் ஆகஸ்டில் திருத்திய அறிக்கை வந்தது.

அவையே இல்லாமல் போனால்? 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக அரசு கலைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஆட்சி 1977 ஜூன் வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கை டெல்லியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர் வாய்க்காலுக்கும் ராமநாதபுரம் கண்மாய்க்கும் பணம் ஒதுக்க, அந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். மாநில அவையைக் கலைப்பது என்றால் என்னவென்று அறிய அந்த ஒரு காட்சி போதும்.

சட்டம் நிறைவேறியதும் அலுவலகங்களுக்குப் பணம் பாய்ந்துவிடாது. துறை அரசாணை வெளியிடும். ஒதுக்கீடு மாவட்டங்களுக்குப் பிரியும். அலுவலர் பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்புவார். பொதுக் கல்விக்கு 2202, மருத்துவத்துக்கு 2210 என்று தொடங்கும் கணக்குத் தலைப்பில் ஒதுக்கீடு மீதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கருவூலம் பணம் விடும். இல்லையென்றால் ஆட்சேபணை எழுதித் திருப்பும்.

அந்தப் பார்வை தவறினால் என்ன ஆகும் என்பதைப் பீகார் காட்டியது. கால்நடைத் துறைக்குச் சட்டமன்றம் ஒதுக்கியது ஒன்று, கருவூலங்களிலிருந்து போனது அதைப் போலப் பல மடங்கு. இல்லாத மாட்டுக்குத் தீவனம், வராத மருந்துக்குப் பட்டியல். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. அவை கூடியது, மேசை தட்டியது, கலைந்தது. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் மாவட்டத் துணை ஆணையராக இருந்த ஓர் இளம் அதிகாரி, கணக்குக்கு மீறிப் பணம் போவதைப் பார்த்துக் கால்நடைத் துறை அலுவலகங்களுக்குள் நுழைந்து சோதனையிட்டார். மொத்த மோசடி 950 கோடி ரூபாய் அளவுக்கு என்று பின்னர் வெளிவந்தது. முன்னாள் முதலமைச்சர்கள் வரை தண்டனை பெற்றார்கள். அந்த அதிகாரி செய்தது, ஒதுக்கீட்டையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சட்டமன்றத்தில் எவரும் செய்திருக்கக்கூடிய வேலை அது.

ஆண்டு நடுவில் புதிய தேவை வரும். அதற்குத்தான் 205ஆவது பிரிவு துணை மானியக் கோரிக்கைக்கு இடம் தருகிறது. அவசரமானால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு அவையின் ஒப்புதல் பெற வேண்டும். 2022 மே 7 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேரவை விதி 110இன் கீழ் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தார். அந்த விதியின் கீழ் வரும் அறிக்கை மீது விவாதம் கிடையாது. 33.56 கோடி ரூபாயில் 1,545 பள்ளிகளில், செப்டம்பர் 15 அன்று மதுரையில் திட்டம் தொடங்கியது. விரிவாக்கத்துக்கு அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது; 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. அறிவிப்பு, அரசாணை, ஒதுக்கீடு, செலவு என நான்கு படியும் ஏறியதால்தான் பிள்ளைகள் தட்டில் பொங்கல் விழுந்தது. முதல் படியிலேயே கைதட்டல் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுபோன அறிவிப்புகள் எல்லா ஆட்சியிலும் உண்டு.

கடைசிப் படி தணிக்கை. ஆண்டு முடிந்ததும் சிஏஜி என்று வழங்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஒதுக்கியதையும் செலவானதையும் ஒப்பிட்டு அறிக்கை தருவார். ஆளுநர் வழியாக அது அவைக்கு வரும். அதிகச் செலவு இருந்தால் அவை அதை முறைப்படுத்த வேண்டும். செலவாகாத பணம் மார்ச் 31 அன்று காலாவதியாகும். அதனால்தான் கடைசி வாரத்தில் அவசரப் பட்டியல்கள் குவிகின்றன. தணிக்கை அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். அதன் தலைமையை எதிர்க்கட்சிக்குத் தருவது மரபு. அறிக்கை தாமதமாக வந்தால், பதில் சொல்ல வேண்டிய அதிகாரி மாற்றலாகியிருப்பார், ஒப்பந்ததாரர் பணம் வாங்கிப் போயிருப்பார். தணிக்கை அறிக்கை கிடைத்த கூட்டத்தொடரிலேயே அவையில் வைக்கப்பட வேண்டும். குழு அதை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் ஆராய்ந்து முடிக்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் எந்த மானியக் கோரிக்கையில் என்ன பேசினீர்கள் என்று தொகுதி மக்கள் கேட்கட்டும்.