வட்டியில்லாப் பணத்துக்கும் சாதி உண்டு

(புதுக்கோட்டையில் இளைஞர்கள் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுப் பொருளாதாரம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எதில் முதலீடு செய்யலாம், தங்கம் இப்போது வாங்கலாமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவை இரண்டே. அப்பாவின் மொய் நோட்டு, அம்மாவின் குழுக்கடன் அட்டை.

ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். பந்தல், ஆட்டுக்கறி விருந்து, மொய் எழுத வரிசையாக மேசைகள், பணம் எண்ணும் இயந்திரம். தொலைக்காட்சிக்காரர்கள் 'ஒரே நாளில் இத்தனை கோடி' என்று வியந்துவிட்டுப் போவார்கள். வியக்க என்ன இருக்கிறது? அது ஒரு வங்கி. நான்கைந்து ஆண்டுகள் ஊரெல்லாம் செய்த மொய் ஒருநாள் மொத்தமாகத் திரும்பி வருகிறது. வாங்கியதற்கு மேல் கூடுதலாகச் செய்வார்கள். அந்தக் கூடுதல் வட்டி அல்ல, புதுநடை. அதாவது அடுத்த கடன். அதில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள், மகனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மொய்யைத் திருப்பிச் செய்ய நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. ஆனாலும் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது.

அப்படியானால் எந்தப் பிணையின் பேரில் கொடுக்கிறார்கள்? உறவின் பேரில். நம் ஊரில் உறவு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நட்புக்காக வேறு சாதிக்காரரும் எழுதுவார், மறுக்கவில்லை. ஆனால் பெரிய தொகைகள் எழுதிய பக்கங்கள் எல்லாம் பங்காளியும் மாமன் மச்சானும்தான்.

அப்பா பதினோரு ஆண்டுகள் மொய் செய்தவர். 1996இல் சேரியில் பிறந்த அம்மாவை மணந்தார். அன்று அவர் நோட்டில் வரவேண்டிய பாக்கி 38,000 ரூபாய். அன்றைய விலைக்கு ஒன்பது பவுன். ஒருவரும் திருப்பிச் செய்யவில்லை. அதைவிட எனக்கு உறைத்தது வேறு. தான் செய்ய வேண்டிய மொய்யை எடுத்துக்கொண்டு அப்பா நான்கு வீடுகளுக்குப் போயிருக்கிறார். வாங்க மறுத்துவிட்டார்கள். வாங்கினால் கணக்கு தொடரும், கணக்கு தொடர்ந்தால் உறவு தொடரும். கைக்கு வரும் பணத்தைக்கூட வேண்டாம் என்று சொல்ல வைக்கும் அளவுக்குச் சாதி கறாரானது.

சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று கேட்டால் வெட்டு, குத்து, ஊர்விலக்கம் என்போம். அவர்களுடைய கடன் வழியும் அன்றே அடைபடுகிறது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அம்மாவுக்கு அந்த வழி முதலிலிருந்தே கிடையாது. அவருக்கு வாய்த்தது குழுக்கடன். வாரத் தவணை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில். 40,000 ரூபாயை ஆண்டுக்கு 24 சதவீதக் குறையும் வட்டியில் இரண்டு ஆண்டுக்கு எடுத்தால் மாதம் சுமார் 2,115 ரூபாய். மொத்தம் 50,750 கட்ட வேண்டும். எங்கள் ஊரில் தோப்பு வைத்திருப்பவருக்கு அதே 40,000 மொய்யாக வருகிறது. பத்தாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வித்தியாசம். அம்மா அதைத் திறமைக் குறைவு என்றே நினைத்திருந்தார். 'நமக்குச் சேர்த்து வைக்கத் தெரியல' என்பார்.

கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். ஆக, மாவட்டத்தில் வட்டியில்லாப் பணத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் உறவைக் கேட்கிறார்கள், மற்றதில் நிலத்தைக் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை சாய்ந்தபோதும் இதுதான் நடந்தது. மரத்துக்கான இழப்பீடு மரத்தின் சொந்தக்காரருக்கு வந்தது. அதே மரத்தில் தேங்காய் பறித்தவரின் கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். நுண்கடன் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஆனால் அதே விதியில் வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் சட்டம் இயற்றியது. சாதி மறுப்புத் திருமணத்துக்கு நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலேயே உதவித் திட்டம் இருக்கிறது. பணத்தோடு 8 கிராம் தங்கமும் தருகிறார்கள். தகுதியுள்ளவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அது ஒருமுறை கிடைப்பது. மொய் நோட்டு ஆயுளுக்கும் ஓடுவது. மணம் முடித்த ஏழாம் ஆண்டு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நிற்கும்போது, 'அவசரம், ஒரு பத்தாயிரம்' என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் நண்பர்கள் இருவர் அப்படி மணந்தார்கள். இருபத்து மூன்று பேர் சேர்ந்து மொய் எழுதினோம். சாதி பார்க்காத நோட்டு, புது நோட்டு. 31,400 ரூபாய் சேர்ந்தது. பெரிய தொகை இல்லை, ஒரு குழுக்கடனை அடைக்கக்கூடப் போதாது. ஆனால் அந்த இருவரும் இப்போது எங்களில் இருபத்து மூன்று பேருக்குக் கடன்பட்டவர்கள், அடுத்த விசேஷத்துக்கு வந்தே ஆக வேண்டும். முதல் பெயர் அப்பாவுடையது. 1996க்குப் பிறகு அவர் எழுதிய முதல் மொய், 500 ரூபாய். எழுதிவிட்டு, பக்கத்தில் 'புதுநடை' என்று குறித்தார்.