பாலாறு தாண்டினால் மாதப்பன்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களைக் கேட்டால், மலையும் கூட்டமும் சாமியும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் காத்மாண்டு போ, ரிஷிகேஷ் போ என்பார்கள். அவ்வளவு தூரம் போக என் கையில் காசில்லை. மேட்டூரில் மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கொளத்தூர், கோவிந்தபாடி எல்லாம் தாண்டி, பாலாற்றுச் செக்போஸ்டில் தமிழ்நாடு முடிகிறது. வேலூர்ப் பாலாறு அல்ல, இது காவிரியில் வந்து சேரும் சின்னக் காட்டாறு. கொஞ்சம் வயதானவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் 1993 ஏப்ரல் 9 ஞாபகம் வரும். வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தது இந்தப் பக்கத்துக் காட்டில்தான். பஸ்ஸில் யாரும் அதைப் பேசவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியம்மா மடியில் ஒரு பேரன். அவனுக்கு அன்றைக்கு மொட்டை.

"ஏங் கண்ணு, ஒண்டியாவா வந்த? என்ன வேண்டுதலு?"

சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. சொல்லக் கூச்சப்படுகிறான் என்று நினைத்திருப்பார்.

செக்போஸ்டுக்கு அப்புறம் ஏற்றம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பேரன் ஜன்னல் பக்கம் சாய, பெரியம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எழுபத்தேழு மலை என்பது இங்கே வழக்கு. எண்ணிப் பார்த்தவர் யாரோ தெரியாது, ஆனால் ஜன்னலில் பார்த்தால் ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

மேலே இறங்கியதும் முதலில் தாக்குவது சத்தம். "உகே மாதப்பா! உகே உகே!" என்று ஒரு கூட்டம் கத்த, அடுத்த கூட்டம் வாங்கிக்கொள்கிறது. பொரிக்கடை, வளையல் கடை, பிளாஸ்டிக் புலி விற்கும் கடை, ஈரத்துணியோடு அந்தரகங்கைக் குளத்திலிருந்து ஓடி வருகிறவர்கள், லட்டு கவுண்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. கடைக்காரர் ஒருவர் கன்னடத்தில் விலை சொன்னார். நான் முழித்ததும் அதே மூச்சில் தமிழுக்குத் தாவினார். வரிசையில் எனக்கு முன்னால் தர்மபுரிக் குடும்பம், பின்னால் மண்டியா குடும்பம். தள்ளுமுள்ளில் இரண்டு பக்கமும் சண்டை போட்டுக்கொண்டார்கள், அவரவர் மொழியில். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த மலை அப்போது அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் கும்பிட வருகிறவர்கள் மாறவில்லை. சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு மாதேஸ்வரனோ மாதப்பனோ மாதனோ இருப்பதற்குக் காரணம் இந்தச் சாமிதான். மறுபக்கம் பர்கூர் மலையில் கன்னடம் பேசும் லிங்காயத்துகள் தமிழ்நாட்டுக் குடிமக்கள். எல்லைக்கோடு அதிகாரிகளுக்குப் பயன்படும். மாதப்பனுக்கு அது தேவைப்படவில்லை.

மாதப்பன் யார்? சுமார் 15ஆம் நூற்றாண்டில் புலி மேல் ஏறி இந்தக் காட்டில் திரிந்த வீரசைவத் துறவி என்பார்கள். பூசை செய்கிறவர்கள் பேட கம்பணர் என்னும் சமூகத்தார். மாதப்பன் கதையைப் பாடுகிறவர்கள் தேவர குட்டர்கள். இடது உள்ளங்கையில் கிண்ணம் போன்ற ஒரு வெண்கலத் தாளம், வலது கையில் கயிறு கட்டிய தட்டைத் தாளம்; கம்சாளே என்று பெயர். அந்தத் தட்டைச் சுழற்றி, தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னே கொண்டுபோய்த் தாளம் தப்பாமல் அடிக்கிறார்கள். விடிய விடியப் பாடும் இந்தக் காவியத்தைப் பி. கே. ராஜசேகர என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் தொகுத்து அச்சில் கொண்டுவந்திருக்கிறார்.

அதில் எனக்குப் பிடித்தது சங்கம்மாவின் கதை. காட்டுக்குப் போகும் சோலிகப் பழங்குடிக் கணவன், திரும்பி வரும்வரை கற்போடு இருப்பேன் என்று சத்தியம் செய் என்கிறான். சந்தேகப்பட்டுக் கேட்கும் சத்தியத்தை நான் ஏன் செய்ய வேண்டும் என்று அவள் மறுக்கிறாள். அவளைக் கொடுமைப்படுத்திக் குடிசைக்குள் அடைத்துவிட்டுப் போகிறான். மாதப்பன் வந்து விடுவித்துப் பிள்ளை வரம் தருகிறான். காரய்யா, பில்லய்யா என்று இரண்டு பிள்ளைகள். சத்தியம் செய்யாத பெண்ணின் பக்கம் நின்ற சாமி. மொட்டை போட்ட பேரனின் பாட்டிக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. "அவன் கெடக்கறான் சந்தேகக்காரன்" என்றார்.

சாயங்காலம் புலி வாகனம் புறப்பட்டது. கட்டணம் கட்டியவர்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்து இழுத்தார்கள். புலியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தில் நிற்கும்போது எனக்கு வேறொரு நினைப்பு. இந்த மலையைச் சுற்றிய 906 சதுர கிலோமீட்டர்க் காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். 2025 ஜூனில் அதே காட்டின் ஹூகியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷம் வைத்த மாட்டைத் தின்று செத்துக் கிடந்தன. புலிக்கு மாட்டைப் பறிகொடுத்தவனின் ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் புலிவாகனனின் காட்டில் ஐந்து புலி என்பது மனசை அறுக்கிறது. மாடு போனவனுக்கு அன்றைக்கே நஷ்டஈடு கையில் கிடைக்கும்படி செய்தால் விஷம் வைக்கத் தோன்றாது என்பது என் எண்ணம்.

புலி மேல் அமர்ந்த 108 அடி மாதேஸ்வரர் சிலை ஒன்று 2023இல் திறந்திருக்கிறார்கள். செல்ஃபி எடுக்க வசதியான இடம். இழுபடும் அந்தச் சின்னப் புலி வாகனத்தின் பக்கத்தில் அது என்னை அசைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு தகவல். மைசூரிலிருந்து வருவதானால் கொள்ளேகால், ஹனூர் வழி. கால் வலுவுள்ளவர்கள் தாளபெட்டாவில் இறங்கிக் காட்டுப் பாதையில் ஏறலாம், பக்தர்கள் நிறையப் பேர் அப்படித்தான் ஏறுகிறார்கள். சிவராத்திரி, யுகாதி, அமாவாசை நாட்களில் கூட்டம் சொல்லி மாளாது. தீபாவளி சமயத்தில் பேட கம்பணர் வீட்டுப் பெண்பிள்ளைகள் 101 பேர் காட்டு ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வரும் ஹாலருவி உற்சவம் நடக்கும். அதைப் பார்க்க ஆசையென்றால் அறை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மலைக்காற்று எலும்பு வரை ஏறும். தடியான போர்வையாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.