மலைநாட்டின் கொயினா மரம்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் பாதையில், ஆறு மைல் தொலைவில், ஹக்கலைப் பூங்கா இருக்கிறது. ரோஜா மலர்களைக் காண அங்கே திரளும் மக்களுட் பலர், அப் பூங்கா மலருக்காகத் தோன்றியதன்று என்பதை அறியார். காய்ச்சலுக்கு மருந்தாகும் ஒரு மரத்தை இம் மலையில் வளர்த்துப் பார்க்கவே 1861 ஆம் ஆண்டில் அது தொடங்கப்பட்டது. அம் மரத்தின் பெயர் சிங்கோனா. அதன் பட்டையிலிருந்து எடுக்கும் குயினைனையே நம்மவர் கொயினா என்பர்.

இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரல். குளிர்ந்த காற்றும் மூடுபனியும் இதற்கு உகந்தவை. ஆயினும் வேரடியில் நீர் தேங்கினால் மரம் பட்டுப்போகும். ஆதலின் நீர் வடியும் சரிவு நிலமே வேண்டும். இதன் பட்டையிலிருந்து குயினைனைப் பிரான்சிய விஞ்ஞானிகளான பெல்லத்தியேயும் கவந்தூவும் 1820 இல் பிரித்தெடுத்தனர். குருதியின் செவ்வணுக்களிற் புகுந்து பெருகும் மலேரியாக் கிருமியை அது அழிக்கும். அளவு மீறினாற் காதில் இரைச்சல் உண்டாகும், பார்வையும் மங்கும். பட்டையை வீட்டிற் காய்ச்சிக் குடிக்கலாமென எவரும் எண்ணிவிடலாகாது.

பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சு, ஹக்கலையில் வளர்ந்த நாற்றுகளை இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோதும் தோட்டத் துரைமார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கோப்பி பொன்னாய் விளைந்த காலம் அது. 1869 இல் கோப்பியின் இலையில் துருநோய் கண்டது. அதன் பின்னரே துரைமாரின் கண் கொயினாவின்மேல் விழுந்தது. கோப்பி நிரைகளுக்கு நடுவிலும் அதனை நட்டனர்.

பட்டை எடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. சிலர் மரத்தை வேரோடு பிடுங்கி உரித்தனர். வேறு சிலரோ பட்டையை நீள நீளமான கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினர். பாசியின் கீழ்ப் புதுப்பட்டை வளரும். அதில் மருந்துச் சத்தும் மிகுந்திருக்கும். நீலகிரியில் மக்கைவர் என்பார் கண்ட முறை இது. பொறுமையுள்ளவனுக்கு மரமும் மிஞ்சியது, பட்டையும் கிடைத்தது. கடனில் மூழ்கிய தோட்டக்காரருக்கு அப் பொறுமை எங்கிருந்து வரும்?

1880 களின் நடுவில் இலங்கையின் ஏற்றுமதி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1½ கோடி இறாத்தலாயிற்று. சந்தை நிரம்பி வழிந்தது, விலை சரிந்தது. 1865 இல் டச்சுக்காரர் வாங்கிய ஒரு வகை விதை யாவாவில் முளைத்து, குயினைன் மிகுந்த மரங்களைத் தந்தது. அவ் விதையைப் பொலிவியாக் காட்டிற் பொறுக்கியவர் மனுவேல் இங்க்ரா மமானி என்னும் பழங்குடி மனிதர். அதன் பொருட்டே அவர் சிறைப்பட்டு, அடியுண்டு, மாண்டார். யாவாவின் பட்டைக்கு ஈடுகொடுக்க இயலாத இலங்கைத் தோட்டங்கள் கொயினாவைப் பிடுங்கித் தேயிலையை நட்டன.

இதில் ஒரு விந்தை உண்டு. கொயினா செழிக்கும் உயர்ந்த குளிர்மலையில் மலேரியா நுளம்பு செழிப்பதில்லை. மருந்து மலையில், நோய் கீழ்நாட்டில். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிற் காய்ச்சல் கண்டு வீழ்ந்தோர் பலர். எஞ்சியோர் மலையேறி, தம் கையால் உரித்த பட்டை இலண்டன் ஏலத்துக்குக் கப்பலேறிச் சென்றது.

1934 இல் மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின; குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் தொடங்கிய கொள்ளைக் காய்ச்சலுக்கு 1935 இன் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் இரையாயினர். உயரமான தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ஒரு காலத்தில் உலகுக்கே பட்டை அனுப்பிய தீவு, அன்று கடல்கடந்து வந்த குயினைனை நம்பியிருந்தது.

1942 இல் யாவா சப்பானியர் வசமானபோது குயினைனுக்கு உலகமே தவித்தது. செயற்கை மருந்துகள் விரைவாகப் பெருகின. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. கொயினாவின் மற்றொரு சத்தான குயினிடின், இதயத் துடிப்பைச் சீர்செய்யும் மருந்தாகவும் பயன்பட்டு வந்துள்ளது.