கொக்கோவின் சுவை தோட்டத்தில் பிறக்கிறது



ஊருக்குப் புறப்படுவோர் தேக்காவில் சாமான் வாங்கினால், பையில் சாக்லெட் இல்லாமல் இருப்பது அபூர்வம். முஸ்தபாவில் அதற்கென்றே அடுக்கடுக்காக இடம் உண்டு. உறையில் சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த நாடுகளில் கொக்கோ விளைவதில்லை. பூமத்திய ரேகையை ஒட்டிய வெப்ப நாடுகளில், பெரும்பாலும் சில ஏக்கர் நிலம் மட்டுமே உள்ள சிறு விவசாயிகள்தான் அதை விளைவிக்கிறார்கள்.

பறித்த கொக்கோ விதையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான் தெரியும். சாக்லெட் வாசனைக்கு அடிப்படை, விதையைப் புளிக்க வைப்பதில் இருக்கிறது. வழுவழுப்பான சதையோடு விதைகளைக் குவித்து வாழை இலையால் மூடுவார்கள், அல்லது மரப்பெட்டியில் இடுவார்கள். இடையிடையே கிளறிவிட்டு, ஐந்து முதல் ஏழு நாட்கள் வைப்பார்கள். பிறகு ஈரப்பதம் ஏறத்தாழ 7 விழுக்காடாகும் வரை காயவைக்க வேண்டும். விறகுப் புகை பட்டால் சாக்லெட்டிலும் புகை நாற்றம் வந்துவிடும்.

இது தெரிந்தும் பல விவசாயிகள் ஏன் செய்வதில்லை? சோம்பலா? இல்லை. கணக்குத்தான் காரணம். புளிக்க வைத்த விதைக்கும் வைக்காத விதைக்கும் வியாபாரி ஒரே விலை தந்தால், ஒரு வாரம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? வீட்டில் அரிசி வாங்கப் பணம் இன்றே வேண்டுமே! இந்தோனேசியாவின் சுலாவெசியில் நெடுங்காலமாக, புளிக்காத விதையே பெருமளவில் விற்கப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே பயிற்சி மட்டும் போதாது, தரத்திற்கேற்ற விலையும் வேண்டும். பாலித் தீவின் ஜெம்பிரானாவில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம், நன்கு புளிக்க வைத்த விதையை பிரான்சின் வால்ரோனா நிறுவனத்திற்கு விற்றிருக்கிறது. ஆந்திராவின் மேற்கு கோதாவரிப் பகுதியில் வேறொரு வழி. அங்கு விவசாயிகளிடம் ஈர விதையையே வாங்கி, ஒரே இடத்தில் கவனமாகப் புளிக்க வைக்கிறார்கள். அந்த விதையிலிருந்து சாக்லெட் செய்யும் மனம் நிறுவனம், 2023இல் ஹைதராபாத்தில் கடை திறந்தது. நம் பொள்ளாச்சிப் பக்கத்திலும், தென்னை நிழலில் ஊடுபயிராக வளரும் கொக்கோவிலிருந்து உயர்தர சாக்லெட் தயாராகிறது.

2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே பெரிதும் இறங்கியது. ஏறி இறங்கும் இந்த விலையை நம்பி ஒரு குடும்பம் எப்படித் திட்டமிடும்? தரத்திற்குத் தனி விலையும் நிலையான கொள்முதலும் இருந்தால்தான் சிறு விவசாயிக்குப் பிடிமானம் கிடைக்கும்.

சிங்கப்பூரில் கொக்கோத் தோட்டங்கள் இல்லை. ஆனால் ஆசியாவின் முக்கியமான கொக்கோ அரைப்பு மையங்களில் இது ஒன்று. இங்குள்ள ஃபோசா போன்ற சிறு தயாரிப்பாளர்கள், விதை எங்கே விளைந்தது என்பதை உறையிலேயே குறிப்பிடுகிறார்கள். அடுத்த முறை சாக்லெட் வாங்கும்போது, விலையோடு அந்த ஊரின் பெயரையும் தேடிப் பாருங்கள். வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் சொல்வார். விற்பவர் சொல்லத் தொடங்கினால், விதையை ஒரு வாரம் காத்திருந்து புளிக்க வைத்தவரின் உழைப்புக்கும் ஒரு விலை கிடைக்கும்.